மெழுகுக் கோட்டைக்குள் வந்த வக்கீல்

பைண்டு போடுகிறவன் கைக்கு வருவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தால் பசை காய்ந்துபோகும். படிக்காமலே தைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. யாரோ எழுதியதை யாருக்கோ தைத்துக் கொடுத்து, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமலே வயிறு வளர்த்த என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

இரண்டு பதினாலு

மதுரையில் சிம்மக்கல்லை ஒட்டிய ஒரு சந்தில் என் கடை. அந்த நாளில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துவைப்பார்கள். கதை முடிந்ததும் கட்டாகக் கட்டி என்னிடம் கொண்டுவருவார்கள். நான் தைத்து, அட்டைக்குக் காலிகோத் துணி ஒட்டி, உள்ளட்டையில் 'மீரான் பைண்டிங்' என்று முத்திரை குத்திக் கொடுப்பேன். அப்படி வந்தவற்றில் ஊரையே ஆட்டிவைத்த கதை 'மெழுகுக் கோட்டை'. வெயில் பட்டால் உருகி, பொழுது சாய்ந்தால் மறுபடி எழும்பும் ஒரு கோட்டை. உள்ளே சிறைப்பட்ட இளவரசி. அவளை மீட்க ஏழு நிறக் குதிரையில் பறந்துவரும் இளவரசன். அந்தக் கதை முடிந்த சில மாதத்தில் பத்திரிகையே நின்றுபோனது.

சமயநல்லூரில் கத்தரியும் வெண்டையும் போடுகிற சோலைமலை ஒரு கட்டோடு வந்தார். மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன கட்டு அது. அதுவரை அவர் ஒரு வரிகூடப் படித்ததில்லை. பைண்டு ஆனபிறகு படிக்கலாம் என்று வைத்திருந்தார். அதே வாரம் முனிசிபல் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, அதே பத்திரிகையில் வந்த ஒரு துப்பறியும் கதையின் கட்டைக் கொண்டுவந்தார். பத்திரிகை நின்றதால் அந்தக் கதை பாதியில் தொங்கியது. "இருக்கிறவரை தையுங்கள், மொத்தமாகப் படித்துக்கொள்கிறேன்" என்றார்.

இரண்டு கட்டையும் பிரித்து மேஜைமேல் அடுக்கியிருந்தேன். ஆடிக் காற்று சந்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் வாரி இறைத்தது. பொறுக்கினேன். கிழித்த பக்கங்களில் பக்க எண்ணை நம்பிப் பயனில்லை. இதழுக்கு இதழ் அது ஒன்றிலிருந்து தொடங்கும். அத்தியாய எண்தான் எனக்கு வழிகாட்டி. இரண்டு கதையும் ஒரே வாரத்தில் தொடங்கியவை. பதினாலாம் அத்தியாயம் வந்தது தீபாவளி இதழில். அதில் கதைத் தலைப்புகளெல்லாம் வர்ணப் படமாக இருந்ததால் இரண்டு வீட்டிலும் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மிஞ்சியது '14' என்ற எண் மட்டும். என் கைக்கு வந்த பதினாலை எடுத்துப் பதின்மூன்றுக்குப் பின்னால் வைத்துத் தைத்தேன்.

பத்து நாள் கழித்துச் சோலைமலை சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "பாய், பதினாலாவதுல வாரான் பாருங்க ஒரு வக்கீலு, அவன்தான் கதைக்கே உசுரு!" என்றார். வக்கீல் இல்லாத கதை ஏது என்று நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

சாம்பல் குதிரை

மூன்று வருஷம் கழித்து 'மெழுகுக் கோட்டை' படமாக வந்தது. கொட்டகையிலிருந்து திரும்புகிறவர்கள் என் சந்து வழியாகத்தான் போகவேண்டும். படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரை வாயை அடக்கமுடியாத ஆத்மாக்கள் அத்தனை பேரும் என் கடை வாசலில் நின்று கத்துவார்கள். கோட்டை உருகுகிறபோது இளவரசி எதற்காக நின்று நாலு பாட்டுப் பாடினாள் என்று ஒரு கட்சி. பாடாவிட்டால் அதற்குக் கொட்டகைக்கு ஏன் போகவேண்டும் என்று ஒரு கட்சி. நான் பசை கிண்டிக்கொண்டே இரண்டு பக்கமும் "ஆமா" போடுவேன்.

காளவாசலில் செங்கல் சூளை வைத்திருந்த சுப்பையா அந்தக் கதையை வாராவாரம் வாங்கிப் படித்து, என்னிடமே பைண்டு செய்துகொண்டவர். சோலைமலையின் மனைவி அவருக்குக் கூடப் பிறந்த தங்கை. "ஏழு நெறக் குதிரைன்னு எழுதியிருக்கான், இங்க ஒரே சாம்பலால்ல ஓடுது?" என்று அவர் பொருமினார். செல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு நெசவுக்காரர், "ஏழும் இருக்குண்ணே, நம்ம கண்ணுக்குத்தான் எட்டல" என்று சமாதானம் சொன்னார். சோலைமலைக்கோ குதிரை எந்த நிறமானாலும் ஒன்றுதான். தூணில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தவர் கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்தார். "இம்புட்டுப் பாட்டுக்கு எடம் வேணும்ல, அதான் வக்கீலைத் தூக்கிட்டான்." சுப்பையா அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார்.

பறந்துபோன திருடன்

டீச்சரம்மா ஒருநாள் தன் புத்தகத்தின் முதுகு பிரிந்துவிட்டதென்று கொண்டுவந்தார். பலமுறை படித்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கதை எப்படி என்று மரியாதைக்குக் கேட்டேன். திருடனைப் போலீஸ் ரயிலடியில் தேடுகிறதாம். அவனோ மொட்டை மாடியிலிருந்து ஏழு நிறக் குதிரையில் ஏறிப் பறந்துவிட்டானாம். என் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது.

அவர் போனபிறகு, தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். சந்தேகமே இல்லை. இளவரசனுக்குக் குதிரை கிடைக்கிற பதினாலாம் அத்தியாயம் டீச்சரம்மாவின் திருடனிடம் இருக்கிறது. துப்பறிகிற வக்கீல், நான் பின்னால் அறிந்தபடி, ஒரு பழைய வீட்டுக்குள் வந்து, காப்பி குடித்து, ஒரு கிழவியை விசாரித்து, 'கொலைகாரன் யாரென்று நாளைக் காலையில் சொல்கிறேன்' என்று கிளம்புகிற பதினாலாம் அத்தியாயம் சமயநல்லூரில் இருக்கிறது. வெளியே தெரிந்தால் எவன் என்னிடம் கட்டைக் கொடுப்பான்? பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். புத்தகத்தை வாங்க வந்த டீச்சரம்மாவிடம் மட்டும், ஓர் அத்தியாயம் இடம் மாறினாற்போலத் தெரிகிறது, பிரித்துப் பார்க்கட்டுமா என்று மெல்லக் கேட்டேன். "வேண்டாம் பாய். எவ்வளவு தைரியமா எழுதியிருக்கார்! நீங்க அதுல கை வைக்காதீங்க" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த மாதமே மாற்றலாகித் திருநெல்வேலிக்குப் போய்விட்டார், என் குதிரையோடு.

யுத்தகாலத்துப் படம்

யுத்தம் வந்தது. பிலிம் தட்டுப்பாடு, நீளப் படம் எடுக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அந்தச் சமயம் பார்த்து இன்னொரு கம்பெனிக்காரர் 'மெழுகுக் கோட்டை'யை மறுபடி எடுத்தார். பாட்டு பத்தோடு சரி. பழைய படம்தான் படம் என்றும், இதுதான் கதைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் என் கடை வாசலில் பழைய ரகளை தொடங்கியது. எனக்கு எந்தப் படத்தில் என்ன வந்தது, எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதே குழம்பிப்போயிருந்தது.

இதற்குள் சுப்பையாவின் மகள் பேச்சியைச் சோலைமலையின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேசி, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. சுப்பையா தன் பங்காளிகளையெல்லாம் திரட்டி, சம்பந்தியோடு படத்துக்கு அழைத்துவந்தார். பாட்டைக் குறைத்துவிட்டதால் இந்தத் தடவை வக்கீல் வந்தே தீருவான் என்று சோலைமலை காத்திருந்திருக்கிறார். கோட்டைக் கதவு திறந்ததும் வக்கீல் வராமல் குதிரை வந்தது. மனிதர் எழுந்து நின்று, "வக்கீல் எங்கடா?" என்று கத்தியிருக்கிறார். கொட்டகையே சிரித்தது. பங்காளிகளும் சிரித்தார்கள்.

அங்கிருந்து நேரே என் வாசலுக்கு வந்துதான் சண்டை. "குதிரை சும்மா வருமா மச்சான்? வக்கீல்தான் மந்திரவாதி. அவன் குடுத்ததுதான் குதிரை. நான் படிச்சிருக்கேன்!" என்று சோலைமலை துண்டை உதறினார். கதையில் வக்கீலே கிடையாது என்றார் சுப்பையா. நான் பொய் சொல்கிறேனா என்று இவர் கேட்க, பின்னே என்ன என்று அவர் கேட்க, வார்த்தை தடித்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான், உள்ளே ஓர் அட்டையைப் பத்தாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் சுப்பையா திரும்பிச் சொன்னார்: "இல்லாத வக்கீலை இருக்கான்னு சாதிக்கிற வீட்டுல எம்மகளைக் குடுத்தா, நாளைக்கு அவ சோறு போட்டதையும் போடலைன்னு சாதிப்பீக. கல்யாணம் இல்ல, போங்க மாப்ள!"

ஒரே முத்திரை

நாலாம் நாள் பேச்சியும் அவள் தாயாரும் கடைக்கு வந்தார்கள். பேச்சிக்கு அழுத முகம்தான், ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் அழுகை இல்லை. கூடையிலிருந்து இரண்டு புத்தகத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். ஒன்று அவள் அப்பாவுடையது. மற்றது சமயநல்லூரிலிருந்து அத்தை மூலமாக வரவழைத்தது. நாலு வகுப்புப் படித்த பெண். எழுத்துக் கூட்டி இரண்டையும் முழுக்கப் படித்திருந்தாள். அப்பா புத்தகத்தில் வக்கீல் இல்லை, மாமா புத்தகத்தில் இருக்கிறார், இருவரும் பொய் சொல்லவில்லை என்றாள்.

அச்சாபீஸில் அப்படி நேர்ந்திருக்கலாம் என்று நான் இழுத்தேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் இரண்டு உள்ளட்டையையும் திறந்துவைத்தாள். "ரெண்டுலயும் உங்க முத்திரைதான் குத்தியிருக்கு பாய். நான் எங்க போய்க் கேக்க?" என்றாள்.

சூளையடியில் வாக்குமூலம்

மறுநாள் காலையிலேயே ஓர் ஒற்றை மாட்டு வண்டி பிடித்தேன். சோலைமலையை எப்படியோ கெஞ்சி ஏற்றிக்கொண்டு காளவாசலுக்குப் போனேன். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்கள். ஆடிக் காற்று, தீபாவளி இதழ், டீச்சரம்மாவின் திருடன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரிந்தபிறகும் பயந்து வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். என் தொழில் இன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

சோலைமலை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப வக்கீலு நம்ம கதை ஆளே இல்லையா?" என்று மெல்லக் கேட்டார். அத்தனை வருஷம் பழகிய ஒருவர் வேற்றூர்க்காரர் என்று தெரிந்த முகம் அது. பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

சுப்பையா மச்சினனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, "எங்க, குடுங்க மாப்ள, அப்படி என்னதான் எழுதியிருக்கான்னு பாப்போம்" என்று புத்தகத்தை வாங்கினார். பதினாலாம் அத்தியாயத்தைப் பிரித்து, உதடு அசையப் படித்தார். வக்கீல் வந்தார், காப்பி குடித்தார், கிழவியைக் கேட்டார், நாளைக் காலையில் சொல்கிறேன் என்று கிளம்பினார். சுப்பையா தாளைத் திருப்பினார். உருகிய கோட்டையும் அழுகிற இளவரசியும் வந்தார்கள். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். வக்கீல் வருகிற அந்தத் துப்பறியும் கதை முடிவதற்குள் பத்திரிகை நின்றுவிட்டது, கொலைகாரன் யாரென்று எழுதினவருக்குத் தவிர யாருக்கும் தெரியாது என்றேன்.

சுப்பையா சோலைமலையின் பக்கத்திலேயே, அதே அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். இருவருமாகச் சேர்ந்து என்னை முறைத்தார்கள். "இது அநியாயம்ல பாய்? எம்புட்டு வருசமா இந்த மனுசன் இதை மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு! நீங்க பதினஞ்சையும் சேத்துல்ல தப்பாத் தச்சிருக்கணும்?" என்றார்.

தை மாதம் பேச்சியின் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கொலைகாரி கிழவியா, காப்பி கொண்டுவந்த சமையற்காரனா என்று சம்பந்திகள் இருவரும் பந்தி முடிகிறவரை வழக்காடினார்கள். என் தப்புத் தையலால் பிரிந்ததெல்லாம் ஒட்டிக்கொண்டது, அந்த வக்கீல் சொன்ன காலைதான் எங்கள் மூவருக்கும் இன்னும் விடியவில்லை.