ரோகிணி கல்யாணத்துச் சாம்பார்

எங்கள் வீட்டில் சாப்பிட உட்காருகிறவர்கள், சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார்கள். நான் சத்தம் போடாமல் உப்பு டப்பாவை அவர்கள் பக்கம் நகர்த்துவேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் மாமியார் செங்கம்மாள் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "இன்னா, உப்பு பத்தலையா?" என்று கேட்டால், "சூப்பரா கீது அத்தே" என்று சொல்ல வேண்டும். அதுதான் படாளத்தில் எங்கள் வீட்டுச் சட்டம்.

இதில் என் கொடுமையைக் கேளுங்கள். நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை பார்க்கிறேன். ஜெனிஃபர் கையில் எடுத்தால் பாதி ரிஜக்ட் என்று சூப்பர்வைசரே பயப்படுவார். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து, வாயில் வைக்க விளங்காத சாம்பாரை வருஷக்கணக்காகப் பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன். கர்த்தருக்குத்தான் தெரியும் என் பாடு.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்தச் சங்கதி தெரியாது. முதல் நாளே, "உப்பு கொஞ்சம் கம்மி அத்தே" என்று சொல்லிவிட்டேன். அத்தை எழுந்து கொல்லைப்பக்கம் போனார். சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. என் வீட்டுக்காரர் வாசுதேவன் தலையில் அடித்துக்கொண்டு, அப்புறம்தான் எல்லாக் கதையையும் சொன்னார்.

அத்தையின் அம்மா காலம் வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். கழனியை விட்டுக் கரண்டியைப் பிடித்த முதல் ஆள் அத்தைதான். மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமா, காதுகுத்தா, கூப்பிடு செங்கம்மாளை என்பார்களாம். மாமா கருப்பன் காய் நறுக்கி, விறகு தள்ளி, கேட்டதை எடுத்துக் கொடுப்பார். அத்தை அண்டா முன்னால் நின்று அதிகாரம் செய்வார். அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விசேஷத்துச் சமையலை, சாமிக்கு இலை போடுகிறதற்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். ஆவி முகத்தில் அடிக்கிற வாசனையை வைத்தே கணக்குப் பண்ணுவார். ஒரு நாளும் தப்பினதில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்வராஜ் தன் பெண் ரோகிணிக்குக் கல்யாணம் வைத்தார். செல்வராஜ் எங்கள் தெருவிலேயே பிறந்தவர். அத்தையை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவர். ஐடிஐ படித்து, கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸுக்குக் குடி போனவர். கல்யாணம் அங்கேயே கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில். "நம்ம அக்கா கைதான் வேணும்" என்று அவரே வந்து கூட்டிப்போனார்.

பந்தி போட்டார்கள். முதல் இலை பிள்ளையாருக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இலை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. அவர் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார், அப்படியே இலையில் துப்பினார். உப்பென்றால் உப்பு, நாக்கு வெந்துபோகிற உப்பு. ரசமும் அதே கதை. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

செல்வராஜ் அத்தையைப் பந்தி நடுவில் இழுத்து நிறுத்தினார்.

"உனுக்கு வயித்தெரிச்சலு! நம்ம தெருக்காரன் ஒருத்தன் மேல வந்துட்டானேன்னு பொறுக்கல. வேணும்னே உப்ப அள்ளிக் கொட்டி என் பொண்ணு கண்ணாலத்த நாசம் பண்ட்டியே!"

"நான் ஒரு தபாதான் போட்டேன் செல்வராசு."

"அப்ப இது இன்னா, கடல்லேர்ந்து ஏறி வந்து அண்டாக்குள்ள குந்திக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்களாம். அன்றைக்கு வைத்த பெயர்தான் உப்பு செங்கம்மா. அதற்கப்புறம் ஒருத்தர் சமையலுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாததைக்கூட அத்தை தாங்கிக்கொண்டார். கை பயந்துவிட்டது, அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் நாலு பேருக்கு ஒரு குழம்பு வைக்கும்போது, விரலால் உப்பை எடுப்பார். அதில் பாதியைத் திரும்ப டப்பாவிலேயே போடுவார். மீதியைப் போடலாமா வேண்டாமா என்று அண்டவெளியைப் பார்ப்பார்.

சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மாமாவிடம் கேட்பார்: "யோவ், ஒருவேள நான் ரெண்டாவது தபா போட்டுட்டு மறந்துட்டனோ?"

"நான்தானே எடுத்துக் குடுத்தேன். ஒரு தபாதான். துன்னு."

மாமா இதை ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டிக்குப் புருஷன் சாட்சியா என்று டீக்கடையில் சிரித்து அனுப்பினார்கள். ஆனாலும் விடவில்லை மனிதர். அந்த உப்பில்லாத சோற்றை ஒரு முணுமுணுப்பு இல்லாமல் தின்றார். மதுராந்தகத்து டாக்டர் அவருடைய பிரஷரைப் பார்த்துவிட்டு, "உங்க வூட்டு சமையலுக்குக் கும்பிடு போடணும்யா" என்றாராம். அந்தப் பிரஷரை வைத்துக்கொண்டு நூறு வயசு இருந்திருக்கலாம். போன ஆடியில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார்.

இந்த வருஷம் ரோகிணியின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா, அதே மண்டபத்தில். அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டதால், வீட்டுச் சார்பாக நான் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை ராகவன் என்ற பெரியவருக்கு. அந்தக் காலத்தில் இந்த மண்டபத்து மேஸ்திரியாம். நல்ல வாயாடி.

"சாம்பார பாத்து ஊத்திக்கோம்மா," என்று அவரே ஆரம்பித்தார். "இந்தக் கரையோரத்துல போர் போட்டா உப்புத் தண்ணிதான். பாத்திரம் கய்வ மட்டும்தான் ஆவும். சமைக்கிறதுக்கு டேங்கர்ல வாங்கி டிரம்முல ரொப்புவோம். இதே வூட்டுக் கண்ணாலத்துக்கு டேங்கரு வரல. சோறு வடிச்சதோட டிரம்மு காலி. நான் இன்னா பண்ணுவேன்? போர் தண்ணிய ரொப்பி வுட்டேன். அந்த சமையக்காரம்மா, 'நல்ல தண்ணிதானே?'ன்னு கேட்டுச்சி. ஆமான்ட்டேன். அது உள்நாட்டு ஆளு, ஏரித் தண்ணி குடிச்சி வளந்தது. தண்ணிய நாக்குல வச்சிப் பாக்கணும்னு அதுக்குத் தெர்ல. எங்க கரையோரத்து ஆளா இருந்தா மொதல்ல ஒரு கை குடிச்சிப் பாத்துருக்கும். உப்புத் தண்ணி மேல உப்பு! ஐயோ, மாப்பிள்ள அப்பன் மூஞ்சிய பாத்துருக்கணுமே நீ!"

சொல்லிவிட்டு ஹா ஹா என்று சிரிக்கிறார். எனக்குக் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. எழுந்தேன். எச்சில் கையோடு அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி, வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த செல்வராஜ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"இத்த இவர்கிட்ட சொல்லு பெரியவரே. மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு."

பெரியவர் சிரிப்பெல்லாம் வடிந்து சொன்னார். செல்வராஜ் முழுவதையும் கேட்டார். "சரி வுடும்மா, பழைய கதை" என்றார்.

பழைய கதையா! எனக்கு வந்ததே ஆத்திரம். ஒருத்தியின் கையை முடக்கிப் போட்டுவிட்டு, பழைய கதையாம். நான் அங்கே என்ன பேசினேன் என்று எனக்கே முழுசாக ஞாபகம் இல்லை. ரோகிணி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுததும்தான் நிறுத்தினேன்.

வீட்டுக்கு ஓடி வந்து அத்தையிடம் சொன்னேன். குதிப்பார், கும்பிடுவார் என்று நினைத்தேன். அத்தை மாமாவின் போட்டோ முன்னால் போய் உட்கார்ந்தார். "யோவ், ஒரு தபாதான்யா போட்டுக்கீறேன்" என்றார். அப்புறம் அவரையே திட்ட ஆரம்பித்தார். "ஒரு வருசம் பொறுத்துக்க முடியல உனுக்கு. இன்னா அவசரம்?" என்று திட்டிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் மனைவி ஞானம்பாளோடு வந்தார். தட்டு நிறையப் பழம், பட்டுப்புடவை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். "தெரியாம பேசிட்டேன்க்கா, மன்னிச்சிடு" என்றார். குரல் உண்மையாகவே உடைந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அத்தை புடவையைத் தொடவில்லை. "கதவ ஏன் சாத்தின? பந்தியில சொன்னத பந்தியிலயே இல்லன்னு சொல்லணும். அந்த மண்டபத்துல, மைக்குல. நான்தான் சமைப்பேன்."

ஞானம்பாளுக்குச் சுருக்கென்றது. "ஊருக்கு முன்னாடின்னா, எங்களுக்கும் ஒரு மரியாத கீது இல்ல?"

"எனக்கும் இருந்துச்சே ஒண்ணு," என்றார் அத்தை.

செல்வராஜ் தலையை ஆட்டினார். அவருடைய அறுபதாம் கல்யாணம் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்கே என்று முடிவானது. பட்டுப்புடவையை அத்தை திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம், நல்ல கலர்.

விசேஷத்தன்று அத்தை ஒரு குட்டியானை வண்டி பிடித்தார். மதுராந்தகத்துத் தண்ணீரை டிரம்மில் ரொப்பி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து கடற்கரை மண்டபத்துக்கு வந்தார். மண்டபத்துக் குழாய் பக்கம் ஆள் போனால், "ஏய், யார்ரா அது!" என்று ஒரு சத்தம். சிரித்து மாளவில்லை எங்களுக்கு. ஆனால் சாம்பார் கொதித்து, உப்புப் போடும் நேரம் வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அண்டாவோ ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு. அத்தை ஒரு கை உப்பை அள்ளினார். பாதியைத் திரும்பப் போட்டார்.

"போதுமா அத்தே?"

"போதும்."

போதாது என்று பார்த்த எனக்கே தெரிகிறது. சொன்னால் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் ஊரே சொல்லும். இன்றைக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் அத்தை இனி கரண்டியையே தொட மாட்டார்.

பந்தி உட்கார்ந்ததும் செல்வராஜ் மைக்கை வாங்கினார். மாலையும் கழுத்துமாக நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வேணும்னே செய்தாள் என்று சொன்னது அபாண்டம், தப்பு தண்ணீரில், தப்பு தன் வாயில் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் எதிர் வரிசையில் ஒரு காலேஜ் பெண், "யாரு அந்தப் பாட்டி, கேட்டரிங் ஓனரா?" என்று பக்கத்தில் கேட்டது. அன்றைக்குத் துப்பிய மாப்பிள்ளையின் அப்பா செத்து நாலைந்து வருஷம் ஆகிறது. டீக்கடையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. பழி சொன்னபோது கேட்டவர்கள் ஒரு கூட்டம், இல்லை என்று சொல்லும்போது கேட்பவர்கள் வேறு கூட்டம். எதற்குக் கை தட்டுகிறோம் என்றே தெரியாமல் தட்டுகிறார்கள். இதற்குப் பெயர் நியாயமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்வராஜ் உட்கார்ந்தார். சாம்பார் ஊற்றினார்கள். அத்தை கரண்டியோடு அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் ஒரு வாய் வைத்தார். ஒரு கணம் தாடை நின்றது. பிறகு சிரித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அருமைக்கா! அமிர்தம்!" என்றார்.

அத்தை நகரவில்லை.

"பொய் சொல்ற."

"இல்லக்கா…"

"அன்னிக்கு உப்பு ஜாஸ்தின்னு சொன்ன. அது நெசம். அதுக்கு நான் ஒரு நாளும் அயுவல. வேணும்னு போட்டேன்னியே, அதுக்குத்தான்டா அயுதேன். இப்ப வாய்ல வெக்க முடியாதத அமிர்தம்ன்ற. அன்னிக்கு என்ன கெட்டவளாக்கின, இன்னிக்கு பாவப்பட்டவளாக்குறியா? சமையக்காரிகிட்ட சொல்றத சொல்லு."

ஞானம்பாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நான் மனசுக்குள் ஏசுவே ஏசுவே என்றேன். செல்வராஜ் இலையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். மெதுவாக, ஆனால் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"உப்பு பத்தலக்கா. ரொம்பப் பத்தல."

"ஆங்."

அத்தை விறுவிறு என்று அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். உப்புப் பையில் கையை விட்டு ஒரு கை அள்ளிப் போட்டார். இன்னொரு கை. இன்னும் ஒரு அரைக் கை. எதையும் திரும்பப் போடவில்லை. என்னைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. துடுப்பைப் போட்டு ஒரு சுழற்று சுழற்றி, ஆவியில் முகத்தைக் காட்டி நின்றார். பிறகு வாளியில் மொண்டுகொண்டு வந்து செல்வராஜ் இலையில் ஊற்றினார்.

அவர் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு வழித்து வழித்துச் சாப்பிட்டார். பக்கத்து இலைக்காரர்கள் வாளியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். செல்வராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இப்ப எல்லாம் சரியா பூட்ச்சாக்கா?"

அத்தை அடுத்த இலைக்கு நகர்ந்துகொண்டே சொன்னார்.

"சாம்பாரு சரியா பூட்ச்சி. துன்னு."