சுற்றோடு சுற்று

பாளையம்பட்டியில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை என்னுடையது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் கம்பி என் விரல் சொன்னபடி கேட்கும். அதிகம் பேச வராத எனக்கு அது ஒன்றுதான் பெருமை.

பக்கத்துக் கடை பாய், பல வருசம் சவுதியில் இருந்துவிட்டு வந்து பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். போன வருசம் பந்தல்குடிப் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து இரண்டு ஃபைகஸ் கன்று வாங்கி வந்தார். ஆல், அரச மர வகைதான். இலை மட்டும் சின்னது. ஒன்றை என் மேசையில் வைத்தார்.

“மாப்ள, இதைத் தட்டுல வச்சுக் குட்டை மரமாக்கலாம், போன்ல பாத்தேன். கிளையில கம்பியைச் சுத்தி வளைச்சா அந்த வாக்குலயே நின்னுக்கிருமாம். கம்பிக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா?”

எரிந்த மோட்டாரில் உருவிய கம்பியைக் கொடுத்தேன். வேரைக் குறைத்து, அகலமான தட்டில் நட்டு, துளிர் விட்டதும் இருவரும் கம்பி சுற்றினோம். பாய் சுற்றியது கோணல்மாணலாக, நடுவில் விரல் நுழையும் இடைவெளியோடு இருந்தது. நான் காயில் கட்டுகிற மாதிரியே, சுற்றோடு சுற்று ஒட்ட, நூல் இடம் விடாமல் சுற்றினேன்.

“என்ன பாய், வெள்ளாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு” என்று நானே வாயைத் திறந்து கேலி செய்தேன்.

“சிரிலே, நல்லாச் சிரி” என்றார்.

ஒரே மாதத்தில் என் கிளைகள் ஒவ்வொன்றாக இலை உதிர்த்துக் காய்ந்தன. கம்பியை வெட்டிப் பார்த்தால், அடியில் பட்டை அழுகிக் கருத்திருந்தது. மோட்டார் வளராது, கிளை வளரும். அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

பாயின் மரம் கணுவுக்குக் கணு துளிர்த்தது. திருச்சுழிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மோட்டாரை என்னிடம் இறக்கிவிட்டு, அதைப் பார்க்கப் பாய் கடையில் போய் நின்றார்கள். “இவுக கை நல்ல கைய்யா” என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. இருபது வருசமாக நான் கட்டிக்கொடுத்த மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர். என் கையைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த மரம் வேகமாகப் பருத்தது. ஒருநாள் காலையில் பார்த்தேன்: அடிக்கிளையில் கம்பி பட்டைக்குள் பதியத் தொடங்கியிருந்தது. விட்டால் கிளை போய்விடும். என் மரம் செத்து எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஆனாலும் சொல்லவில்லை.

“எப்படி மாப்ள இருக்கு?” என்று தினமும் கேட்பார்.

“நல்லாத்தான் இருக்கு பாய்.”

நான்கு நாள் இப்படியே சொன்னேன். ஐந்தாம் நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டோடு என் கடைக்கு வந்துவிட்டார்.

“ஏலே, கம்பி உள்ள போகுதுலே! தெனமும் பாக்குறியே, ஒனக்குத் தெரியலையா?”

நான் மேசையைத் துடைத்தேன். அவர் காத்திருக்கவில்லை, கம்பியின் நுனியைப் பிடித்து உருவத் தொடங்கினார். முதல் சுற்று கழன்றபோது நகத்தளவு பட்டையும் கூடவே வந்தது. பால் கசிந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இன்னும் நாலைந்து சுற்று உருவினால் கிளை போய்விடும். நான் பேசாமல் இருந்தால் போதும்; அது எனக்குப் பழகினதுதான்.

இரண்டாவது சுற்றில் கிளை நெரியும் சத்தம் கேட்டது.

“உருவாதீக!”

நான் போட்ட சத்தத்தில் பாய் கையை எடுத்துவிட்டார். கட்டரை எடுத்து, ஒவ்வொரு சுற்றாக நறுக்கித் துண்டு துண்டாகக் கழற்றினேன். அதற்குப் பிறகு பட்டை ஒரு பொட்டுக்கூட உரியவில்லை. கிளை பிழைத்தது. அதைச் சுற்றிப் பள்ளமாகத் தழும்பு மட்டும் நின்றது.

பாய் அதை விரலால் தடவினார். “மறைஞ்சுருமா மாப்ள?”

“மறையும். ரொம்ப நாளாகும்.”

அது உண்மைதான். ஆனால் நாளாகும் என்று சொன்னபோது, எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.