கொம்பேறி மூக்கனுக்குக் காட்டிய புகை

நான் ஒரு தடவை செத்திருக்கிறேன். தென்காசியில், சாரல் காலத்தில், காலை பத்து மணி சுமாருக்கு.

முருங்கைக்காய் பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தேன். தொரட்டிக் கம்பால் இழுத்த கிளையோடு ஒரு பாம்பும் வந்தது. சாட்டைக்கயிறு கனம், வெண்கல நிறம். என் புறங்கையில் ஒரு கடி கடித்துவிட்டு மேல்கிளைக்குத் தாவிவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி தறியை அப்படியே விட்டு ஓடிவந்தார்.

“கொம்பேறி மூக்கன்லா!”

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. தான் கடித்தவனை எரிக்கிற புகையை மரத்து மேலிருந்து பார்த்த பிறகுதான் அந்தப் பாம்பு வன்மம் தீர்ந்து இறங்கிப் போகுமாம். வைத்தியர் வந்து, “வெறுங்கீறல்தான்” என்று சொல்லிப் போனார். என் மனைவிக்கு மனசு ஆறவில்லை. அண்ணாச்சிதான் வழி சொன்னார். வைக்கோலில் ஆள் கட்டி, என் வேட்டியைச் சுற்றி, சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டில் கொளுத்த வேண்டும்.

“அப்ப நான்?”

“வேய், நீரு செத்துட்டீரு. உள்ள போயிப் படும். அது கண்ணுல பட்டீருன்னா அம்புட்டும் வீணாப் போவும்.”

கிழிந்த வேட்டி ஒன்றை நீட்டினேன். “நல்ல வேட்டியாக் குடும். அதுக்குச் சந்தேகம் வந்துரக் கூடாது” என்றார். என் கல்யாண வேட்டி போயிற்று.

அழுகைச் சத்தமும் கேட்க வேண்டுமாம். என் மனைவி வாசலில் உட்கார்ந்து கூச்சத்தோடு ஆரம்பித்தாள்.

“கோவிச்சு ஒரு வார்த்தை பேசுனதில்லையே!”

பின்னறையில் படுத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில்தான் உப்புக்காகச் சண்டை போட்டிருந்தோம்.

“குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், போறேன்னியளே... ஒவ்வொரு சாரலுக்கும் ஒரு சாக்குச் சொன்னியளே...”

அதைச் சொன்னதும் நிஜமாகவே அழுதாள். குற்றாலம் மூன்று மைல். கல்யாணமாகி ஆறு வருஷம். “அருவி எங்க ஓடிரப் போவுது?” என்று வருஷா வருஷம் நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சிரித்தாளா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சன்னல் வழியாக முருங்கை தெரிந்தது. கொம்பேறி மூக்கன் அதிலேயேதான் கிடந்தது. நனைந்த வைக்கோல் ஆற்றுப் பக்கம் நன்றாகவே புகைந்தது. அது தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓர் ஓணானையே பார்த்துக்கொண்டிருந்து, பிடித்து, மெல்ல விழுங்கிற்று. மரத்திலேயே கிடந்து ஓணானையும் தவளையையும் தின்று பிழைக்கிற, விஷமில்லாத ஜாதி அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதன் வீட்டை நான் உலுக்கினேன், கடித்தது. அவ்வளவுதான் அதற்கும் எனக்கும். நான் செத்ததில் அதற்கு அக்கறையே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவள் தலை முழுகிவிட்டு உள்ளே வந்தாள்.

“பாம்பு போயிட்டா?”

“புகையைப் பாத்துட்டுத்தான் போச்சு” என்றேன். “நாளைக்குக் குத்தாலம் போவோமா?”

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “செத்தவுக பேச்ச எப்பிடி நம்ப?”

மறுநாள் வில்வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் அவள் நம்பவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் நம்பினாள். வண்டி கொல்லையைத் தாண்டும்போது முருங்கையை நிமிர்ந்து பார்த்தேன். அதே கிளையில் கிடந்தது. அவள் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைக் கொஞ்சம் விரட்டி ஓட்டச் சொன்னேன்.