வேணாம் என்று எழுதிக் கொடுத்த கார்

என் மாமனார் மாட்டுத் தரகர். உத்திரமேரூரைச் சுற்றிப் பத்து மைலுக்குத் தன் கை படாமல் எந்த உழவு மாடும் கைமாறியதில்லை என்பார். அதில் பாதி உண்மை. அவரைக் கூட்டிக்கொண்டு கார் வாங்கப் போனேன் என்று சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பத்திரண்டு வயது. ரைஸ் மில் முதலாளி ஒருவரின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாகறலில் கல்யாணம் என்றாலும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ கேஸ் என்றாலும் நான்தான் போக வேண்டும். வாடகை முதலாளிக்கு, வாந்தி கழுவுவது எனக்கு. சொந்த வண்டி வந்துவிட்டால் அந்த ஆள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்ற ஒரே ஆசையில், மெட்ராஸில் ஒரு கார் ஏஜென்சியில் முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்து வைத்தேன். அப்போதெல்லாம் பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. ரேஷன் கடை க்யூ மாதிரி முறை வரும்வரை நிற்க வேண்டும். நான் ஐந்து வருஷம் நின்றேன்.

முறை வந்துவிட்டது என்று கடிதம் வந்த அன்றைக்கே நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். சாவியை மேஜைமேல் வைத்தேன். ஐந்து வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

என் மனைவி தாலியைத் தவிர மற்ற நகையை விற்றுக் கொடுத்தாள். கடிதத்தில் போட்டிருந்த விலை மஞ்சள் பையில். அது தவிர, பர்மிட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்று இரண்டாயிரம் ரூபாயை என் அரை டிராயரின் உள்பையில் வைத்துத் தைத்துவிட்டாள். மாமனாருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவரே விரும்பவில்லை. வாங்குகிறவன் மடியில் இருப்பது தரகனுக்குத் தெரிந்தால் தரகன் விரல் இளகிவிடும் என்பது அவர் தொழில் பாடம். பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார், "எவ்ளோ வெச்சிக்கினு கீறன்னு எங்கிட்ட சொல்லாத மாப்ள."

ஷோரூமில் என் வண்டி நின்றது. கறுப்பு. மூலை நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மாமனார் வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். நெற்றி சப்பை என்றார், பின்பக்கம் தூக்கல் என்றார். மாட்டுக்குப் பார்ப்பது போல் சுழி தேடாத குறைதான். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விலை கம்பெனி போட்டது, பைசா குறையாது, ஆனால் சீட் கவர், மேட், ரேடியோ எல்லாம் சேர்த்துத்தான் வண்டி கொடுப்போம், அதற்குத் தனியாக ஆயிரத்து எண்ணூறு என்றார். வாடகை வண்டிக்கு ரேடியோ எதற்கு, பிரசவ வலிக்காரி பாட்டு கேட்பாளா என்று நான் கத்தினேன். மாமனார் என்னை அடக்கிவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்து மேனேஜர் கைமேல் போட்டார்.

சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் தொகை. மூன்று விரல் என்றால் முன்னூறோ மூவாயிரமோ, மாட்டைப் பொறுத்தது. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வாயால் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், துண்டுக்கு அடியில் மட்டும் சொல்லக் கூடாது. மேனேஜர் பாம்பு பட்டதுபோல் கையை உதறிக்கொண்டார். இஷ்டமில்லை என்றால் இந்த வண்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முன்பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்.

மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த பாஷை இப்போதுதான் வந்தது. சந்தையில் வேணாம் என்றால் இன்னும் கொஞ்சம் குறை என்று அர்த்தம். மூன்று முறை வேணாம் சொல்லாமல் யாரும் மாடு வாங்கியதில்லை. என் காதோடு சொன்னார்.

"எழுதிக் குடுத்துட்டு நாலு அடி நட மாப்ள. வாசப்படி தாண்டறதுக்குள்ள கூப்புடுவான்."

அவர்மேல் பழி போட மாட்டேன். எழுதியது என் கை. கேட்ட தொகை என் டிராயருக்குள் இருந்தது, தொடையில் உறுத்திக்கொண்டே இருந்தது. நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் இரண்டு முறை சொன்னார். பயந்துவிட்டான் பார் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

நாலு அடி நடந்தோம். வாசற்படி தாண்டினோம். எதிரே டீக்கடையில் ஷோரூமுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். திரும்பிப் பார்த்தால் விலை ஏறிவிடும் என்றார் மாமனார். இரண்டாவது டீ பாதியில் இருக்கும்போது எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது. கறுப்பு வண்டி மாலையோடு எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவன் ஷோரூம் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள். க்யூவில் எனக்கு அடுத்தவன், மூன்று நாளாக யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவனாம். மறுபடி ஓடிப்போய்க் கெஞ்சியபோது மேனேஜர் நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மறுபடி பதியலாம், கடைசியில் போய் நிற்க வேண்டும் என்றார்.

பஸ் தாம்பரம் தாண்டியது. மாமனார் துண்டை விரித்து என் கைமேல் போட்டார். அடியில் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தாளு கேட்ட காசு உங்கிட்ட இருந்துதா மாப்ள?"

அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு வந்தார். நான் கையை மூடிக்கொண்டேன். மூடிய கை என்றால் காசு இல்லை என்று அர்த்தம். அந்தக் கிழவன் மனசு ஆற வேண்டும் என்றுதான் செய்தேன். ஆனால் நாற்பது வருஷம் துண்டுக்கு அடியில் விரல் பிடித்தவருக்கு என் கை பொய் சொன்னது தெரியாமலா இருக்கும்? துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். ஊர் வரும்வரை எடுக்கவில்லை.

மனைவி கேட்டதற்கு வண்டி சரியில்லை, வேணாம் என்றுவிட்டோம் என்றேன். அவள் என் டிராயரைத் துவைக்கப் போட்டபோது தையல் பிரிக்காமல் இருந்ததைப் பார்த்திருப்பாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

நகைக் காசு கரைந்தது. கார் விலை ஏறியது. நான் மறுபடி எங்கும் பதியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலையே ரைஸ் மில்லுக்குப் போனேன். சொல்ல வேண்டிய மன்னிப்பை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாவி அந்த மேஜைமேல், நான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது.