அம்மாவின் நெஞ்சில் ஊதாக் கோடு

அம்மாவின் நுரையீரலில் இருந்த கட்டிக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்தே தர வேண்டும் என்று பாண்டி ஆஸ்பத்திரியில் முடிவானபோது எனக்கு ஒன்பது வயது. திங்கள்தோறும் மருந்து ஏற்றுவார்கள். வெள்ளி வரை தினமும் கதிர்வீச்சு, எங்கள் வீட்டுப் பேச்சில் கரண்டு, வைப்பார்கள். விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் போய் வந்தே அம்மா பாதியாகிவிட்டாள். கரண்டு எங்கே பாய வேண்டும் என்பதற்கு அவள் நெஞ்சில் ஊதா மையால் கூட்டல் குறி போட்டிருந்தார்கள்.

“தண்ணி பட்டு அழிஞ்சிதுன்னா அவ்ளோதான். பக்கத்துலயே இருதயம் இருக்குது” என்றார் அப்பா. அவருக்கு எதையும் மிதமாகச் சொல்ல வராது.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். படுத்திருந்த அம்மா வாந்தியெடுத்தாள். கழுத்திலும் நெஞ்சிலும் வழிந்தது. பதறிப்போய் ஈரத்துண்டால் துடைத்தேன். துண்டு ஊதாவாகிவிட்டது, நெஞ்சில் பாதிக் கோட்டைக் காணோம். அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள்.

அம்மா பீங்கான் பொம்மைக் கம்பெனியில் புருவம் வரைகிறவள். கலைந்த புருவத்தைச் சூளைக்குப் போகுமுன் மறுபடி வரைந்துவிடுவாள். பொம்மைக்கு ஒரு குறையும் வராது. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஸ்கூல் பையிலிருந்து ஊதா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாக இழுத்தேன். அச்சு அசலாக வந்தது. கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

அந்தப் பெருமை விளக்கு வைப்பதற்குள் போய்விட்டது. கோடு தள்ளிப் போயிருந்தால் அம்மாவின் இருதயம் வெந்துவிடுமே! ஞாயிறு முழுக்கச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் வாய் வரவில்லை. திங்கட்கிழமை அடம்பிடித்து அவர்களோடு போனேன்.

மெஷின் அறையிலிருந்த அக்கா கோட்டைப் பார்த்ததுமே நிமிர்ந்தாள்.

“யாரும்மா இதப் போட்டது?”

கதவோரம் நின்ற நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“நான்தாங்க. வாந்தியில அழிஞ்சிபோச்சு” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

அந்த அக்கா திட்டிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டாள். அளந்து அளந்து புதுக் கோடு போட்டார்கள். அது என் கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. விரலெல்லாம் வலித்தது. செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைத்து, ஊர் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அவள் பயத்தில்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.