தொண்ணூறு நாளுக்குள் வரவேண்டிய சான்றிதழ்

விரி என்ற தொழிற்பேட்டைப் புறநகரில், உறைய வைத்த உணவுப் பொருட்களைச் சேமித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். புதிதாக ஆள் எடுத்தால் அதற்கான படிவங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு அக்காவின் படிவத்தை நிரப்பியதும் நான்தான்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவர். சிறுநீரகம் பழுதான கணவரை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தார். கணவர் இறந்த பிறகு வேலை தேடிப் போன இடமெல்லாம், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்களாம். எங்கள் மேலாளர் அதைக் கேட்கவில்லை. அவர் மலேசியத் தமிழர், எதையும் யோசித்துத்தான் செய்வார். நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவரை எடுத்தால் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் நிறுவனத்துக்குத் தரும். அதற்கு அவர் தகுதியானவர்தான் என்று அரசு அலுவலகம் ஒரு சான்றிதழ் தரவேண்டும். மூன்று வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். அதை நம்பி அவரை எடுத்தோம். ஒப்பந்தத்தில் தொண்ணூறு நாள் சோதனைக் காலம் இருந்தது. அதற்குள் என்றால் ஒருவரைச் சுலபமாக அனுப்பிவிடலாம்.

மூன்று வாரம் போனது. ஐந்தும் போனது. ஒவ்வொரு திங்களும் மேலாளர் என் கதவருகில் வந்து நிற்பார்.

"சர்ட்டிபிகேட் வந்துச்சா?"

"இன்னும் வரேல்ல. பரிசீலனையில இருக்கு எண்டுதான் சொல்லுகினம்."

முதலில் கத்தினார். ஹெட் ஆபீஸ் தன் கழுத்தை நெரிக்கிறது என்றார். ஏழாவது வாரத்திலிருந்து கத்துவதை நிறுத்திவிட்டார். "ஓகே, பரவால்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பயம் தொடங்கியது அப்போதுதான்.

அக்காவுக்கு எதுவும் தெரியாது. பெட்டிகளில் ஒட்டிய திகதிகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒருநாள் லாரியில் ஏற்றிவிட்ட ஒரு அடுக்கு முழுவதையும் இறக்க வைத்தார். திகதியில் வருடம் பிழையாக அச்சாகியிருந்தது. மேலாளர் எல்லோர் முன்னும் அவருக்குக் கைகொடுத்தார். அதே வாரம் குளிர் அறைக்கான புது ஜாக்கெட்டுகளுக்கு ஓடர் போட என்னிடம் பட்டியல் தந்தார். அதில் அக்காவின் பெயர் இல்லை.

"அவங்களுக்கு வேண்டாமா?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

"அப்புறம் பார்க்கலாம்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வேலையை விட்டுப் போன ஒருவருடைய ஜாக்கெட்டைத்தான் அக்கா போட்டுக்கொண்டிருந்தார். கை நீளம் என்பதால் இரண்டு மடிப்பு மடித்திருப்பார். மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்: "தங்கச்சி, எனக்கு எப்ப ஜாக்கெட் வரும்? மங்கரேயில ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பாத்திருக்கிறன். வேலை நிரந்தரம் எண்டு கடிதம் கேக்கினம்."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா," என்றேன். அடுத்த மாத வேலை அட்டவணை அதற்கு முதல் நாளே என் கணினிக்கு வந்துவிட்டது. கடைசி இரண்டு வாரத்தில் அவர் பெயரிருக்க வேண்டிய கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

எண்பத்தாறாம் நாள் காலை, அரசு அலுவலகத்துக்கு மறுபடியும் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினார். விண்ணப்பம் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் தங்கள் பதிவில் ஆளே இல்லை என்றார். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப் பெயராக அக்காவின் தகப்பன் பெயரை எழுதியிருந்தேன். கணவரின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னபோது, அந்த அலுவலகத்தின் பதிவில் அவர் அந்தப் பெயரோடு இருந்தார். யாரென்று தெரியாமல் விண்ணப்பம் கிட்டத்தட்ட மூன்று மாதம் கிடந்திருக்கிறது. விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம், படிவத்தில் இருந்த, அவர் பிறகு விட்டுப்போன முகவரிக்குப் போயிருக்கிறது. எங்கள் பெயர்களில் வரும் இந்தச் சிக்கல் தெரிந்த ஒரே ஆள் அந்த மேசையில் நான்தான்.

"திருத்திவிட்டேன். ஆனால் இனி வரிசையின் கடைசியில்தான் நிற்கும்," என்றார் அந்தப் பெண்.

மேலாளரிடம் ஓடினேன். "பேரில ஒரு குழப்பம். இப்ப திருத்தியாச்சு. இன்னும் ரெண்டு வாரம் பொறுங்கோ."

"யாரு பண்ண குழப்பம்?"

"ஆபீஸில," என்றேன். எந்த அலுவலகம் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"தொண்ணூறு தாண்டினா நான் மாட்டிக்குவேன். லெட்டர் டைப் பண்ணுங்க," என்றார்.

தட்டச்சு செய்தேன். எண்பத்தொன்பதாம் நாள் அதை அக்காவின் கையில் கொடுத்ததும் நான்தான். அவர் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

"என்ர வேலையில பிழையோ?"

"இல்லையக்கா. அரசாங்கச் சான்றிதழ் வரேல்ல."

"அது நான் செய்யவேண்டியதோ?"

"இல்லை."

அக்கா ஜாக்கெட்டைக் கழற்றி, கை மடிப்புகளை விரித்துவிட்டு, கதிரையில் போட்டுவிட்டுப் போனார்.

பதினொரு நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. அதை மேலாளரின் மேசையில் வைத்து, பிழை என்னுடையது என்று அன்றுதான் சொன்னேன். அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா ஹெட் ஆபீஸ்கிட்ட பேசியிருப்பேனே," என்றார். பிறகு, "அவங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்க," என்றார்.

தொலைபேசியில் சொல்ல மனம் வராமல் அந்தச் சனிக்கிழமை நேரில் போனேன். பார்த்துவைத்த வீடு கிடைக்காமல், அக்கா ஒரு குடும்பத்தோடு அவர்கள் காராஜை ஒட்டிய அறையில் இருந்தார். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய பிழை என்பதையும் மறைக்கவில்லை.

"தெரியும்," என்றார். "நான் அந்த அரசாங்க ஒபிஸுக்குப் போய்க் கேட்டனான். பேர் மாறி எழுதியிருக்கு எண்டு சொன்னவை. நீங்கள் வருவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

மேலாளரின் அழைப்பையும் சொன்னேன்.

"திங்கள் வாங்கோ அக்கா. திரும்ப எடுக்கிறம் எண்டு சொல்லுறார்."

"ஏர்போர்ட்டில கிளீனிங் கிடைச்சிருக்கு. அங்க ஒரு சான்றிதழும் கேக்கேல்ல," என்றார். "அண்டைக்குக் கடிதம் தரேக்க சொல்லியிருந்தா, நானே மேலாளரோட கதைச்சிருப்பன், தங்கச்சி."

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் வரமாட்டார் என்று திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். சரி, அடுத்த ஆளைப் பாருங்கள் என்றார். அதே திட்டத்தின் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். குடும்பப் பெயர் என்ற முதல் கட்டத்தைத் தாண்ட அன்று காலை முழுவதும் என்னால் முடியவில்லை.