அம்மா கிளட்ச்சை விட்ட காலை

பக்கத்து வீட்டில் ஜெனரேட்டரின் சோக்கை இழுத்தார்கள் போலும். பெட்ரோல் நெடி வந்ததும் நான் வளைகுடா ஊரான ஃபர்வானியாவில், எட்டு வயதில் இருந்தேன்.

ஜனவரிக் குளிரில் அப்பாவின் பழைய கார் தள்ளாமல் கிளம்பாது. இரவில் பானெட்டுக்குப் போர்த்திய எங்கள் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தள்ளுவார். ஸ்டியரிங்கில் அம்மா, பின்சீட்டில் நான். அன்று எனக்குப் பரீட்சை.

"உருண்டதும் கிளட்ச்சை விடு. உன் வேலை அவ்வளவுதான்," என்றார் அப்பா.

அம்மா விட்டாள். கார் இருமி உயிர்பெற்றது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அப்பாவிடம் வந்து வேகம் குறைந்தது.

"நிறுத்து, நான் ஓட்டறேன்."

"நிறுத்தினா அணைஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க. பின்னாடி ஏறுங்க."

கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசலில் நான் இறங்கும்போது அம்மாவிடம் சொன்னார்: "லைசென்ஸுக்கு ஃபாரம் வாங்கிட்டு வரேன்."

பக்கத்து வீட்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.